செருப்புப் போட்ட கெளுத்தி

ஏரிக்கரையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு முடிவுக்கு வந்தேன். மீன் திருடனை நானே கையும் களவுமாகப் பிடித்துவிடுவது. போலீஸ் வேண்டாம், மந்திரவாதி வேண்டாம், எங்கள் செயலாளர் மெஷெக் நிரெண்டாவின் யோசனைகள் வேண்டவே வேண்டாம். மீன்காட்சியகச் சங்கத் தலைவர் யோத்தாம் லோங்வே என்கிற நான் தன்னந்தனியாகப் பிடிப்பேன். முடிவெடுத்த களைப்பில் அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் எனக்கு முடிவெடுத்தாலே மூச்சு வாங்குகிறது.

ஏரி நிறைய மீன் உள்ள ஊரில் மீன்காட்சியகம் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் ஊரான ங்கட்டா பேயிலும் எல்லாரும் கேட்டார்கள். மீன் ஆராய்ச்சிக்கென்று வந்த சிலர் ஊர் திரும்பும்போது சில கண்ணாடித் தொட்டிகளை விட்டுவிட்டுப் போனார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் பழைய வலைக்கொட்டகையில் வைத்தோம். வைத்ததைச் சும்மா வைப்பானேன் என்று தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் ஊற்றியபின் மீன் விட்டோம். மீன் வந்தபின் சங்கம் வந்தது. சங்கம் வந்தபின் சண்டை வந்தது. சண்டை வந்தபின் ஒரு தலைவர் தேவைப்பட்டார். படகுத்துறையில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்ற நான் அந்தக் கூட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். மறுப்புச் சொல்லாத ஒரே ஆள் நான்தான் என்பதால் என்னையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

பதவியோடு இரண்டு பொருள்கள் வந்தன. ஒரு சாவி, ஒரு நாற்காலி.

சாவியை விடுங்கள். நாற்காலியைப் பற்றிச் சொல்கிறேன். கை வைத்த மர நாற்காலி. உட்கார்ந்தால் முதுகுக்கு அது இடம் கொடுக்கும், எழுந்திருக்க நமக்கு மனம் வராது. அதை நீலப் பாறைமீன்களின் தொட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டேன். வீட்டில் மனைவி, அவளுடைய இரண்டு தங்கைகள், பதினோரு கோழிகள், பக்கத்து வீட்டு ரேடியோ. இங்கே மீன்கள். வாயைத் திறக்கின்றன, மூடுகின்றன, ஒரு சொல் கிடையாது. முப்பது வருடத் தாம்பத்தியத்துக்குப் பிறகு ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பள்ளிப் பிள்ளைகள் வந்தால் மீன் பெயர்களைச் சொல்வேன். வராவிட்டால் கண்ணை மூடிக்கொள்வேன். உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. மீன்கள் காணாமல் போகத் தொடங்கின.

"நியாமோனே, இன்னைக்கும் ரெண்டு மீனைக் காணோம்" என்றேன் மனைவியிடம். மோனே வீட்டில் பிறந்தவள் என்பதால் அவள் நியாமோனே. எங்கள் மகள் தவோங்கா பிறந்த நாளிலிருந்து நான் அவளுக்குத் தவோங்கா அப்பா.

"நல்லா எண்ணிப் பாத்தீங்களா?"

"மீன் ஒரு இடத்துல நிக்குதா? எண்ணி முடிக்கிறதுக்குள்ள எண்ணினதே திரும்பி வருது."

"அப்ப காணோம்னு எப்படிச் சொல்றீங்க?"

"வால் கிழிஞ்ச நீலத்தை எனக்குத் தெரியாதா? தினமும் அது மூஞ்சியிலதானே முழிக்கிறேன்."

"ஓகோ. அப்ப காலைல நான் காட்டுறது என்ன, முதுகா?"

"அதில்ல நியாமோனே…"

"கெளுத்தி தின்னிருக்கும்."

"கெளுத்தி தனித் தொட்டியில இருக்கு. தாவி வந்து தின்னுட்டுத் தாவிப் போயிடுமா?"

"பசி வந்தா யாரும் தாவுவாங்க. நேத்து சட்டி சத்தம் கேட்டதும் நீங்க தாவலையா?" என்றவள் குரலைத் தேன் மாதிரி ஆக்கிக்கொண்டாள். "இதுக்குத்தான் சொல்றேன், உள்ளயே தங்கி ஒரு ஆள் காவல் இருக்கணும். பின்னாடி வலை ரூம் சும்மாதானே கிடக்கு?"

"ஆள் வந்தா எங்க உட்காருவான்?"

"நாற்காலியிலதான்."

"அப்ப நான்?"

"வீட்டுல. எங்களோட."

காவல் பேச்சை அத்தோடு முடித்துவிட்டேன்.

இங்கே என் மாமியாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன், சொல்லக் கூடாது. எங்கள் பக்கம் மாப்பிள்ளை மாமியாரின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர்கள் ஒரு பாதையில் வந்தால் நான் புதருக்குள் இறங்கிவிட வேண்டும். அவர்கள் இருக்கும் கூரையின் கீழ் நான் நுழையக் கூடாது. பேச்செல்லாம் நடுவில் ஓர் ஆளை வைத்துத்தான். அதுதான் மரியாதை. இதிலிருந்து விடுபட ஒரு வழி உண்டு. மாப்பிள்ளை ஒரு கோழியை மரியாதையாக அனுப்ப வேண்டும். மாமியார் அதை வாங்கிக்கொண்டால் திரை விலகிவிடும், முகம் பார்க்கலாம், பேசலாம். ஊரில் எல்லா மாப்பிள்ளைகளும் கல்யாணமான சில வருடங்களில் அனுப்பிவிடுவார்கள். நான் அனுப்பவே இல்லை. ஒரு கோழியை மிச்சம் பிடித்தால் ஆயுள் முழுக்க மாமியார் வாயிலிருந்து ஒரு சொல் கேட்காமல் இருக்கலாம் என்றால் எந்த முட்டாள் கோழியை அனுப்புவான்?

அவர்கள் தெற்கே சின்டேச்சேயில் இருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மழைக்கு முன்னால் மூன்று நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொல்லி, சந்தைப் பாதையில் குடியிருக்கும் மூன்றாவது கொழுந்தியாள் வீட்டுக்கு வந்தார்கள். மழையே முடிந்துவிட்டது, அவர்கள் போகவில்லை. சந்தைக்குப் போகும் பாதை எனக்கு அடைபட்டது. சோப்பு வாங்கப் பாறைமேடு சுற்றிப் போகிறேன். மீன் காணாமல் போகத் தொடங்கும் முன்பே ஒரு நாள் நியாமோனே கேட்டாள்:

"அம்மாவுக்கு வயசாச்சு, தவோங்கா அப்பா. தங்கச்சி வீட்டுல இடமில்ல. நம்ம முற்றத்துல ஒரு குடிசை போட்டுக் கொடுங்களேன்."

"முற்றத்துல அவங்க இருந்தா நான் எங்க இருக்குறது? மரத்து மேலயா?"

"உங்களுக்குத்தான் நாற்காலி இருக்கே. மீனோடயே இருங்க."

"முடியாதுன்னா முடியாது."

அவள் மேலே வாதாடாமல் வாளியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள். அப்போதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். களைப்பில் வரவில்லை.

மீன் தொடர்ந்து குறைந்தது. மெஷெக் நிரெண்டா, சங்கத்தின் செயலாளர், என் நாற்காலிமேல் வெகு நாளாகக் கண் வைத்திருப்பவர், ஆலய வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்னார்:

"தலைவரே, தொட்டியில மீன் குறையுது. உங்க வயிறு கூடுது. ஊரு ரெண்டையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கு."

"இது மரவள்ளிக் களி போட்ட வயிறு, மெஷெக்."

"இருக்கலாம். அடுத்த ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கூட்டம். திருடனைக் காட்டுங்க. இல்லேன்னா சாவியைக் கொடுங்க."

சாவி போனால் நாற்காலி போச்சு. நாற்காலி போனால் வீட்டில் பதினோரு கோழிகளோடு பன்னிரண்டாவதாக நானும் முற்றத்தில் கிடக்க வேண்டியதுதான்.

சும்மா இருக்கவில்லை. மெஷெக்கின் படகுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சந்தை மீன் கூடைகளைச் சுற்றி வந்தேன், அதுவும் பாறைமேடு வழியாக. நாலு வீட்டுச் சட்டியை மோப்பம் பிடித்தேன். ஒரு வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள், சாப்பிட்டேன், கோழி. கொட்டகைப் பூட்டு உடையவில்லை. சாவி என் கழுத்தைவிட்டு இறங்குவதில்லை. மதியம் சாப்பிடும்போது மட்டும்தான் நியாமோனே கழற்றுவாள். "சாவி குழம்புல முங்குது" என்று சொல்லி ஆணியில் மாட்டுவாள். நான் சாப்பிட்டு, மாமரத்தடியில் கண்ணயர்ந்து, எழுந்து மறுபடி மாட்டிக்கொள்வேன். ஆகவே திருடனிடம் கள்ளச்சாவி இருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

அந்த நாட்களில் என் மனைவி தினமும் ஏரியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து அடுப்படிக்குள் கொண்டு போனாள். என்ன ஒரு சுத்தக்காரி என்று பெருமைப்பட்டேன். எங்கள் பக்கம் ஆண்பிள்ளை அடுப்படிக்குள் கால் வைப்பதில்லை. நான் வாசலிலிருந்தே பெருமைப்பட்டேன்.

கல்லின்மேல் உட்கார்ந்து போட்ட திட்டம் இதுதான். திருட்டு நடப்பது மதியம், ஊர் முழுக்கக் களியில் கை வைத்திருக்கும் நேரம். ஆகவே நான் ஊரில் இல்லை என்று எல்லாரையும் நம்ப வைக்க வேண்டும். பின்பு கொட்டகைக்குள் ஒளிந்திருக்க வேண்டும்.

"நாளைக்கு முசூசு டவுனுக்குப் போறேன்" என்றேன், நாலு வீட்டுக்குக் கேட்கும்படி. "தொட்டிக்குக் காத்து அடிக்கிற மோட்டார் பழுது. புதுசு வாங்கணும்."

"போயிட்டு வாங்க" என்றாள் நியாமோனே. "அங்க குளிரும். ஸ்வெட்டர் எடுத்துக்குங்க."

காலையில் சோளமும் நிலக்கடலையும் கட்டிக் கொடுத்தாள். சாவியை நானே ஆணியில் மாட்டினேன். பேருந்து நிற்கும் பக்கம் நடந்து, வளைவு தாண்டியதும் பாறைகளின்மேல் தவழ்ந்து, தண்ணீர் சுமக்கும் பின்கதவு வழியாகக் கொட்டகைக்குள் போனேன். அதை முன்பே தாழ் போடாமல் வைத்திருந்தேன். உள்ளே போய்த் தாழ் போட்டேன். கெளுத்தித் தொட்டிக்குப் பின்னால் படகு மூடும் தார்ப்பாய் ஒன்று கிடந்தது. அதற்குள் புகுந்துகொண்டேன். புழுதி, பழைய மீன் வாடை, ஸ்வெட்டர் வேறு. வேர்த்துக் கொட்டியது. இருந்தாலும் மனதுக்குள் ஒரு பெருமை. கடைசியாக எப்போது ஒரு காரியத்தை முழுதாகச் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

மதியம் வந்தது. முன்கதவில் சாவி நுழையும் சத்தம். பூட்டு திறந்தது. ஒரு காலடி, மெதுவான, நிதானமான காலடி. திருடனுக்கு என்ன திமிர் என்று நினைத்துத் தார்ப்பாயின் ஓரத்தை ஒரு விரல் உயர்த்திப் பார்த்தேன்.

பாதம் தெரிந்தது. பாதத்துக்கு மேல் இடுப்பில் சுற்றும் சிட்டென்ஜே துணியின் கரை. மஞ்சள் அன்னாசிப்பழம் போட்ட துணி. அந்தத் துணி எனக்குத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு நான்தான் காசு கொடுத்தேன், நியாமோனே தன் அம்மாவுக்காக எடுத்தாள்.

தார்ப்பாயை விட்டுவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

உலகத்தில் யார் திருடனாக இருந்தாலும் பிடித்திருப்பேன். மெஷெக்காக இருந்தால் மகிழ்ச்சியோடு பிடித்திருப்பேன். இந்த ஒருவரை என்னால் பார்க்கவும் முடியாது, பெயர் சொல்லிக் கூப்பிடவும் முடியாது. அதைவிட மோசம், நான் இப்போது அவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்தேன். மாமியார் வரும் இடத்தில் தார்ப்பாய்க்குள் பதுங்கியிருந்த மாப்பிள்ளை என்று வெளியே தெரிந்தால் ஏரியின் இரண்டு கரையிலும் சிரிப்பார்கள். பின்கதவுக்குப் போகலாமென்றால் நடுவில் நாற்காலி இருந்தது. நான் நினைத்து முடிப்பதற்குள் அது கிறீச்சிட்டது.

என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவசரமே இல்லை. ஒரு கீர்த்தனையை முணுமுணுத்தார்கள். ஏதோ பொட்டலத்தைப் பிரித்தார்கள். வறுத்த உசிபா மீன் வாசனை வந்தது. என் வயிறு உறுமியது. அதை அடக்கினேன். மூக்கில் புழுதி ஏறியது. அதை அடக்க முடியவில்லை. தும்மினேன்.

கீர்த்தனை நின்றது.

"ஐயோ பாவம்" என்றார்கள் கெளுத்தித் தொட்டியைப் பார்த்து. "இந்தக் கெளுத்திக்குச் சளி புடிச்சிருக்கு." பின்பு வாசல் பக்கம் குரல் கொடுத்தார்கள். "மகளே, இங்க வா. இங்க ஒரு கெளுத்தி தும்முது. செருப்பு வேற போட்டிருக்கு."

என் வலது கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்துக்கொண்டேன்.

நியாமோனே வந்து தார்ப்பாய்க்குப் பக்கத்தில் குந்தி உட்காரும் சத்தம் கேட்டது.

"தவோங்கா அப்பா," என்றாள் மெல்ல, "முசூசு எப்படி இருக்கு? குளிருதா?"

"நீ எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று தார்ப்பாய்க்குள்ளிருந்து கேட்டேன்.

"உங்க ஷூ கட்டிலுக்கு அடியில இருக்கு. கால்ல செருப்போட முசூசு போனவரு நம்ம ஊருலயே நீங்க ஒருத்தர்தான்."

"மீனெல்லாம் எங்க?"

"அடுப்படில, பெரிய அண்டாவுல."

"ஆக்கிட்டியா!"

"ஆக்குறதுக்கா தினமும் தண்ணி சுமந்தேன்? வால் கிழிஞ்சது கூட நல்லாத்தான் இருக்கு. ரெண்டு சுத்துப் பெருத்திருக்கு."

"சாவி?"

"ஆணில. நீங்க மாமரத்தடியில."

"உங்கம்மாவா எடுத்தாங்க?"

"மெதுவாப் பேசுங்க, மரியாதையில்லாம. நான்தான் எடுத்தேன். அம்மா இன்னைக்குத்தான் முதமுதல்ல வராங்க. ரூம் பாக்க."

"எந்த ரூம்?"

"வலை ரூம். காவலுக்கு ஒரு ஆள் வேணும்னு நான் சொல்லல?"

"மாட்டேன்" என்றேன். தார்ப்பாய்க்குள் இருந்துகொண்டு வீரமாக ஒரு சொல் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

"ஒத்துக்கலேன்னா பரவாயில்ல" என்றாள் என் மனைவி. "மெஷெக் அண்ணன் துறையில நிக்கிறாரு. கூப்பிட்டு இந்தக் கெளுத்தியைக் காட்டுறேன்."

"கூப்பிடாதே! முதல்ல உங்கம்மாவை வெளியே கூட்டிட்டுப் போ."

"அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்த நாற்காலி ரொம்ப வசதியா இருக்காம். எந்திரிக்க மனசு வரலியாம்."

எனக்குத் தெரியாதா?

"மகளே," என்றார்கள் அவர்கள், கெளுத்தியைப் பார்த்தே, "அந்தக் கெளுத்திகிட்ட சொல்லு. எனக்கு ஒரு அவசரமும் இல்ல. சாயங்காலம் வரைக்கும் உசிபா இருக்கு."

அதற்குமேல் என்ன செய்ய முடியும்? தார்ப்பாய் அசைந்தது. அதைத் தலையாட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நானே எழுந்து நின்று பேசினேன். மீன்களெல்லாம் பத்திரமாகத் திரும்பிவிட்டன என்றேன். எல்லாரும் போய்ப் பார்த்தார்கள், வால் கிழிந்தது உட்பட. எப்படி என்று கேட்டார்கள். என் மனைவி முந்திக்கொண்டாள். யாரோ விளையாட்டாக எடுத்துப் போய்ப் பாறைக்குட்டையில் விட்டிருந்ததை அம்மாதான் கண்டுபிடித்தார்கள் என்றாள். இனி இப்படி நடக்காமலிருக்க உள்ளேயே தங்கும் காவல் வேண்டும், அதற்கு அவர்களைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று நான் முன்மொழிந்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மெஷெக் நிரெண்டா கண் கலங்க எழுந்து வழிமொழிந்தார்.

"சொந்த மாமியார் உள்ள இருந்தா தலைவர் இனிமே கொட்டகைக்குள்ள காலே வைக்க முடியாது. அது தெரிஞ்சும் ஊருக்காக இந்த மனுஷன் சொல்றாரே! இவரைப் போய்ச் சந்தேகப்பட்டேனே!"

கை தட்டினார்கள். ஆயுள் முழுக்கத் தலைவர் நான்தான் என்று தீர்மானம் போட்டார்கள்.

இப்போது நான் கொட்டகைக்கு வெளியே, கதவுக்கு முதுகு காட்டி, கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு மீன் பெயர் சொல்கிறார்கள். பாதிப் பெயர் தப்பு. திருத்தவும் முடியாது. வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "தலைவரே, மீனெல்லாம் சௌக்கியமா?" என்கிறார்கள். விசாரித்துச் சொல்கிறேன் என்கிறேன். என் மீன்களை நான் பார்த்து மாதமாகிவிட்டது. சொன்னால் சிரிப்பீர்கள், வால் கிழிந்ததைப் பற்றி வெளியே வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் விசாரித்துக்கொள்கிறேன்.

போன வாரம் எல்லா வீம்பையும் விட்டுவிட்டேன். பதினொன்றில் கொழுத்ததாக ஒரு செவலைக் கோழியைப் பிடித்துக் காலைக் கட்டி நியாமோனேயிடம் கொடுத்தேன்.

"உங்கம்மாகிட்ட கொடு. மரியாதைக்கு. முப்பது வருஷம் தாமதம்னு மன்னிக்கச் சொல்லு. வாங்கிக்கிட்டா திரை விலகிடும், நான் உள்ள போயிடலாம். நாற்காலி கூட வேண்டாம், ஓரமா நின்னு பாத்துக்கிறேன்."

போனாள். வாளியின்மேல் காத்திருந்தேன். உள்ளே இரண்டு பேரும் பேசும் சத்தம் கேட்டது, சிரிக்கும் சத்தம் கேட்டது, கோழி ஒரு தரம் கத்தும் சத்தம் கேட்டது. வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"வாங்கிக்கிட்டாங்களா?" என்று துள்ளி எழுந்தேன்.

"இல்ல. முப்பது வருஷமாக் காப்பாத்தின மரியாதையை ஒரு கோழிக்கு விட்டுக்கொடுக்க மாட்டாங்களாம். உங்கமேல அவங்களுக்கு அவ்வளவு மதிப்பு."

"அப்ப கோழி எங்க?"

"உள்ளதான் கட்டிக் கிடக்கு" என்றாள் நியாமோனே, வீட்டுப் பக்கம் நடந்துகொண்டே. "போய் எடுத்துக்குங்க."